முதலில் எழுந்து நிற்கப் பழகுங்கள்: தண்ணீர்ப் பயம் உள்ள பெரியவர்களுக்கு நீச்சல்

நீச்சல் தெரியாதவர்கள் தங்களையே கேலி செய்துகொள்ள ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: "எனக்குத் தெரிஞ்சது கடப்பாரை நீச்சல்." போட்ட இடத்தில் நேரே அடிக்குப் போவது. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடல் காற்றிலேயே வளர்ந்து 40 வயதிலும் கடப்பாரை நீச்சலோடு இருப்பவர்கள் நிறைய. ஞாயிறு தவறாமல் சில்வர் பீச்சுக்குப் போவார்கள், சுண்டல் வாங்குவார்கள், பிள்ளைகள் அலையில் கால் நனைப்பதைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கடலூர் தேவனாம்பட்டினத்தில் சிறுபிள்ளையாக இருந்தவர் இன்று பிள்ளை பெற்றவர். அதன்பிறகு 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம். இதெல்லாம் இல்லாவிட்டாலும், சின்ன வயதில் மாமாவோ சித்தப்பாவோ கிணற்றில் தள்ளிவிட்டது போதும். "தள்ளிவிட்டா தானா வரும்" என்பது நம் பழைய பாடமுறை. அதில் நீச்சல் வந்தவர்கள் காலமெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். வராமல் போனவர்கள் வாயைத் திறப்பதில்லை. அதே கிணற்றில் இன்னொரு முறையும் இருந்தது: முதுகில் சுரைக்குடுக்கையோ காலி மண்ணெண்ணெய் டின்னோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மேலே ஒருவர் பிடித்துக்கொள்வது. அது பயத்தை மதித்த முறை. பெரியவர்களுக்கு அதுதான் சரி.

"தைரியமா இறங்குங்க" என்று சொல்வதில் பயனில்லை. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடவும், மிதந்துகொண்டிருக்கும் உடம்பைக் காலூன்றி நிறுத்தவும் தெரிந்துவிட்டால் பயம் பெரும்பாலும் தானே இறங்கும். கை வீசுவது, கால் அடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. பலர் வரிசையை மாற்றிப் போட்டுத்தான் மூன்றாம் நாளே வகுப்பை விட்டுப் போகிறார்கள்.

எதைக் கண்டு பயம்?

"எனக்குத் தண்ணின்னாலே பயம் சார்" என்று மொத்தமாகச் சொன்னால் கோச்சுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தலைக்கு ஊற்றும்போதே கண்ணை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் முகத்தில் தண்ணீர் படுவதுதான் பயம். முகம் நனைந்தால் பரவாயில்லை, பாதம் தரையை விட்டால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் அது வேறு. அடி தெரியாத கறுத்த தண்ணீரைப் பார்த்தாலே நடுங்குபவர், நாலடிக் குளத்தில் இயல்பாக இருப்பார். மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு.

பயமே இல்லாத ஒன்றைப் பயம் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. கழுத்தளவு தண்ணீரில் நின்றால் மார்பை யாரோ கட்டிப்பிடித்தது போல இறுகும். மூச்சை இழுக்கக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். சுற்றியுள்ள தண்ணீர் விலா எலும்புக் கூட்டை எல்லாப் பக்கமும் அழுத்துவதால் வருவது அது. நீந்தத் தெரிந்தவருக்கும் அதே அழுத்தம்தான், அவருக்குப் பழகிவிட்டது. புதியவர் அதை "மூச்சு முட்டுது" என்று எடுத்துக்கொண்டு வேகவேகமாக மேல்மூச்சு வாங்க, உண்மையிலேயே முட்டத் தொடங்கும். இடுப்பளவுக்குத் திரும்பி வந்து, நாலு எண்ணும்வரை மூச்சை மெல்ல வெளியே விட்டால் இரண்டு நிமிடத்தில் அடங்கும். முதல் நாளில் இது ஒன்று பழகினாலே போதும்.

கொப்பளிக்கத் தெரியுமா?

தொண்டை கரகரத்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறோம். அண்ணாந்து, தொண்டைக்குழி வரை தண்ணீரை வைத்துக்கொண்டு, "கரகர" என்று சத்தம் வரவழைக்கிறோம். அப்போது ஒரு சொட்டும் மூச்சுக்குழாய்க்குள் போவதில்லை. காரணம், காற்று உள்ளிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கிறது. வெளியே வரும் காற்று இருக்கும்வரை தண்ணீர் உள்ளே வராது. நீச்சலில் மூச்சு என்பது இந்த ஒரே விஷயம்தான், வாய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் மூக்கு வழியாக.

வீட்டிலேயே தொடங்கலாம். அகலமான பேசின் அல்லது வாளியில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து மேசைமேல் வையுங்கள். வாயால் ஒரு மூச்சு வாங்கி, முகத்தை நெற்றி வரை தண்ணீரில் வைத்து, வாயை மூடி "ம்ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகினால் காற்று மூக்கு வழியாகத்தான் வந்தாகவேண்டும். அதனால் மூக்கில் தண்ணீர் ஏறாது. முனகல் முடியும் முன்பே முகத்தை எடுங்கள். முடிந்த பிறகு எடுத்தால் கடைசி நொடியில் மூக்கு இழுத்துவிடும், உச்சி வரை சுரீர் என்று ஏறும். ஒரு வேளைக்குப் பத்து முறை, ஒரு வாரம். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து பேசினின் அடியைப் பாருங்கள். முகத்தில் வழியும் தண்ணீரைக் கையால் துடைக்காமல் இருக்கப் பழகுவதும் இதில் சேர்த்தி. குளத்தில் கைக்கு வேறு வேலை இருக்கும்.

தண்ணீருக்குள் மூச்சை அடக்கிவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மூச்சு வாங்கவேண்டும் என்ற அவசரத்தைக் கிளப்புவது பெரும்பாலும் உடம்பில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் தீர்ந்துபோவது அல்ல. அடக்கிவைத்தால் அந்தக் கரியமில வாயு வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும், பத்து நொடியில் பதற்றம் வரும். பிறகு தலையைத் தூக்கும் அரை நொடியில் பழைய காற்றை விடவும் புதுக் காற்றை இழுக்கவும் முயன்று, இரண்டும் அரைகுறையாகி, ஒரு மடக்குத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தால், வெளியே வந்ததும் வாயைத் திறந்தால் போதும், காற்று தானே நிறையும். அதற்காக, முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு வாங்கி "ஸ்டாக்" வைத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். அப்படிச் செய்தால் அவசர உணர்வு தாமதமாகும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும் ஆபத்து உண்டு. நன்றாக நீந்துபவர்களே இதில் இறந்திருக்கிறார்கள்.

மிதப்புக் கணக்கு

கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் மிதந்து கரை சேர்ந்தார் என்று சொல்லும் ஊர் கடலூர். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடமே அந்தப் பெயரில் இருக்கிறது. கல் கட்டாத நமக்கு அற்புதம் தேவையில்லை, ஒரு சின்னக் கணக்கு போதும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டால் அவர் உடம்பு அடைக்கும் இடம் சுமார் 62 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆக 62 கிலோவைத் தண்ணீர் தாங்கும், நம் எடை 60. மிச்சம் இரண்டு கிலோ. இந்த இரண்டு கிலோதான் தண்ணீருக்கு மேலே இருக்க நமக்குக் கிடைத்த இடம்.

தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. முழுத்தலையையும் வெளியே வைத்திருக்கப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. உடம்பு கீழே இறங்குகிறது. இறங்கியதும் பயந்து கையைத் தூக்குகிறோம். ஒரு கை ஏறக்குறைய மூன்று கிலோ. இன்னும் இறங்குகிறது. தண்ணீரில் தத்தளிப்பவர் கையைத் தூக்கத் தூக்க உள்ளே போவது இதனால்தான். மல்லாந்து படுத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போக, மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருந்தால் அந்த இரண்டு கிலோவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். காதில் தண்ணீர் போனால் மூளைக்குப் போய்விடும் என்று பயப்படவேண்டாம், நடுவில் செவிப்பறை இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், காதில் சீழ் வருபவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கவேண்டும்.

காற்றை முழுவதும் வெளியே விட்டால் மூன்று, நான்கு லிட்டர் குறையும். பலர் மெல்ல மூழ்குவார்கள். அதனால் மிதக்கும்போது நெஞ்சு முக்கால்வாசி நிறைந்தே இருக்கட்டும்: மூச்சைச் சட்டென்று இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, பாதியளவு விட்டு, மறுபடி இழுப்பது. கால் மட்டும் கீழே தாழ்கிறதே என்று கேட்பார்கள். காற்றுப்பை நெஞ்சில் இருக்கிறது, எடையின் மையம் இடுப்புப் பக்கம் இருக்கிறது. அதனால் கால் தாழ்வது இயல்பு, ஒல்லியான ஆண்களுக்கு இன்னும் அதிகம். கைகளைத் தலைக்கு மேலே தண்ணீருக்குள்ளேயே நீட்டினால் ஓரளவு சமமாகும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது, அதில் இன்னும் சுலபமாக மிதக்கலாம். ஆனாலும் கற்கும் இடம் கடல் இல்லை.

இதை நம்பவைக்க ஒரு சோதனை. மார்பளவு தண்ணீரில், கோச் பக்கத்தில் இருக்க, அடியில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போடச் சொல்லுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக்கொண்டு, குனிந்து அதை எடுக்கப் பாருங்கள். முதுகு மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். விரல் நாணயத்தைத் தொடவே திணறும். "மூழ்கிவிடுவேன்" என்று இத்தனை வருடம் பயந்த உடம்பு, மூழ்கச் சொன்னால் மூழ்க மறுக்கிறது. எத்தனை விளக்கம் சொன்னாலும் இந்த நாணயம் செய்யும் வேலையைச் செய்யாது.

எழுந்து நிற்கும் முறை

மிதப்பவர் பயப்படுவது பெரும்பாலும் மிதப்பதைக் கண்டு அல்ல, "திரும்ப எப்படி நிற்பேன்" என்பது தெரியாததால். மூன்றரை அடித் தண்ணீரில்கூட ஒருவர் தத்தளிக்க முடியும், தரை அரை அடியில் இருந்தும் கால் அதை எட்டாமல். தலையை முதலில் தூக்குவதுதான் காரணம். தலை தூக்கினால் முதுகு வில்லாக வளைந்து, கால் பின்னாலேயே நிற்கும், வாய் மறுபடி உள்ளே போகும்.

குப்புற மிதக்கும்போது: முகம் தண்ணீரிலேயே இருக்கட்டும். முதலில் இரண்டு முழங்காலையும் மார்புக்கு இழுங்கள். அதே நேரம் முன்னால் நீட்டியிருக்கும் கைகளால் தண்ணீரைத் தொடை வரை அழுத்தித் தள்ளுங்கள். உடம்பு ஊஞ்சல் போலச் சுழன்று, கால் உங்களுக்கு நேர் கீழே வரும். பாதத்தைத் தரையில் பதித்த பிறகு கடைசியாகத் தலை. முழங்கால், கை, பாதம், தலை என்று வரிசையைச் சொல்லிச் சொல்லிச் செய்யலாம்.

மல்லாந்து மிதக்கும்போது: முகவாயை நெஞ்சில் ஒட்டுங்கள். நாற்காலியில் உட்காருவது போல இடுப்பை இறக்கி முழங்காலை மேலே கொண்டுவாருங்கள். இரு கைகளாலும் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் அள்ளுங்கள். உட்கார்ந்த நிலை வந்ததும் பாதத்தை வையுங்கள். இது குப்புற எழுவதைவிடக் கடினம். முதல் சில தடவை முகத்தில் ஓர் அலை அடித்துவிட்டுப் போகும், முனகிக்கொண்டே எழுந்தால் மூக்கில் ஏறாது.

முதல் பத்து முறை கோச் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு கை. பிறகு விரல் நுனி. தனியாக இருபது முறை தடுமாறாமல் எழுந்து நிற்க வந்துவிட்டால், அன்றைக்கு உங்கள் முகமே வேறு மாதிரி இருக்கும். பயந்த நிலையின் அடையாளங்கள் உடம்பில் தெரியும்: தோள் காது வரை ஏறியிருக்கும், கைவிரல் மடங்கியிருக்கும், கால்விரல் தரையைக் கவ்வும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முந்தைய பயிற்சிக்குத் திரும்பிப் போவதே நல்லது. அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கோச், குளம், உடை

மார்ச் முதல் மே வரை எல்லாக் குளங்களிலும் பிள்ளைகளின் கோடை வகுப்புக் கூட்டம். தண்ணீர் எந்நேரமும் அலைந்துகொண்டிருக்கும். பயந்தவருக்கு அது ஆகாது. பள்ளி திறந்த பிறகு, ஜூலை முதல் செப்டம்பர் வரை, விடிகாலை வகுப்பு பெரியவர்களுக்கு வசதி. ஆழம் குறைந்த பக்கம் உங்கள் மார்பைத் தாண்டாமல் இருக்கவேண்டும், மூன்றரையிலிருந்து நாலடி. அடியில் கிடப்பது தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்தக் குளத்தில் இறங்காதீர்கள், எத்தனை நட்சத்திர ஓட்டலாக இருந்தாலும்.

கோச்சிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "சார், நீங்களும் தண்ணியில இறங்குவீங்களா?" கரையில் நின்று விசில் ஊதுபவர் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சரி. பயந்தவருக்கு நீட்டினால் தொடும் தூரத்தில் ஆள் வேண்டும். இரண்டாவதாக ஓர் ஒப்பந்தம்: சொல்லாமல் கையை விடக்கூடாது. "விடமாட்டேன்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே விடுவதைச் சிலர் உத்தி என்று நினைக்கிறார்கள். ஒரு தடவை அப்படி நடந்தால், இரண்டு வாரம் சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு நொடியில் போய்விடும். பெண்கள், தனி நேரமும் பெண் கோச்சும் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். முதுகில் கைகொடுத்துத் தாங்கவேண்டிய பயிற்சி இது, கூச்சத்தோடு உடம்பு தளராது.

பருத்திச் சுடிதார், டி-ஷர்ட் வேண்டாம். தண்ணீர் குடித்துக் கனமாகிக் காலைச் சுற்றும். முழுக்கை, முழுக்கால் வைத்த நைலான் நீச்சல் உடைகள் கிடைக்கின்றன. நீச்சல் கண்ணாடியை வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். இரண்டு நொடியாவது ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்தும். தலையில் எண்ணெயோடு வராதீர்கள், தொப்பி வழுக்கிக்கொண்டு போகும். வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு, கோச்சிடமும் சொல்லிவிட்டு இறங்கவேண்டும். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைக் குளக்கரையில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கட்டும்.

டியூபும் கைப்பட்டையும் மிதப்பதாக ஏமாற்றும், கழற்றிய அன்று முதலிலிருந்து தொடங்கவேண்டும். கையில் பிடித்துக்கொண்டு உதைத்துப் பழகும் மிதவைப் பலகையான கிக் போர்டு பரவாயில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளாமல் கையை நீட்டிப் பிடித்தால்.

அதற்குப் பிறகுதான் நீச்சல்

மிதப்பும் எழுவதும் வந்தவருக்கு மீதி வேகமாக வரும். சுவரை உதைத்துக் கையை நீட்டி அம்பு போலச் சறுக்குவது, பிறகு உதை. உதை தொடையிலிருந்து வரவேண்டும். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கினால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பயந்தவர்களுக்கு மல்லாக்க நீச்சலையே முதலில் சொல்லிக்கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. வாய் எப்போதும் காற்றில் இருக்கிறது, களைத்தால் கையை நிறுத்தினாலே அது மிதப்பாகிவிடும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம் வந்தால் மூன்று நாலு வாரத்தில் பத்து மீட்டர் போகலாம். ஆறு வாரம் ஆனாலும் கவலையில்லை.

ஆழமான பக்கத்துக்கு முதலில் ஓரத்தைப் பிடித்தபடியே கைமாற்றிக் கைமாற்றிப் போய்வாருங்கள். நாலடியில் மிதந்த உடம்பு எட்டடியிலும் அதே இரண்டு கிலோ மிச்சத்தோடுதான் மிதக்கும். கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மிதப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஓரத்தைப் பிடித்தபடி மல்லாந்து, விரலை விட்டு, ஐந்து எண்ணி, மறுபடி பிடிப்பது. கால்வைக்கத் தரையில்லாத இடத்தில் இரண்டு நிமிடம் மல்லாந்து மிதக்கவும், ஏணி இல்லாமல் விளிம்பைப் பிடித்து ஏறவும் வந்தால் வகுப்பு முடிந்தது என்று சொல்லலாம்.

குளத்தில் 25 மீட்டர் நீந்துபவர் சில்வர் பீச்சிலோ செரினிட்டி பீச்சிலோ நீந்தத் தகுதி பெற்றுவிடவில்லை. அங்கே அலை உண்டு, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சொல்லவே வேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கல் குவியல்கள் பக்கம் இறங்கவே கூடாது. பாசி வழுக்கும், அலை தூக்கிக் கல்லில் அடிக்கும். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பு விட்டபிறகு கரைக்குத் திரும்புங்கள்.

ஆறுகள் இன்னும் மோசம். மணல் அள்ளிய குழியும் தடுப்பணை ஓரப் பள்ளமும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்காலளவுத் தண்ணீரில் நடந்தவரின் அடுத்த அடி பத்தடி ஆழத்தில் விழும். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கப்போன பெண்களும் சிறுமிகளுமாக 7 பேர் ஒரே இடத்தில் மூழ்கி இறந்தார்கள். ஒருவர் தத்தளிக்கும்போது நீந்தக் கற்ற புதிதில் நீங்களும் குதிக்காதீர்கள். மூழ்குபவர் கையில் கிடைத்த ஆளின் தோளில் ஏறத்தான் பார்ப்பார். 108க்குப் போன் போடச் சொல்லிக் கத்திவிட்டு, கரையில் குப்புறப் படுத்துச் சேலையையோ வேட்டியையோ வீசுங்கள், அல்லது நீளமான கம்பை நீட்டுங்கள். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள். அது ஐந்து கிலோவைத் தாங்கும், அவர் தலையின் கனம் அவ்வளவுதான்.